நீரிலும் ஓடும் காட்டு வண்டிக்கு பில்ஜ் பம்ப் பொருத்துவது: முழுமையான வழிகாட்டி

ஆர்கோ மாதிரியான ஆறு சக்கர, எட்டு சக்கர வண்டிகள் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடும். குட்டையில் இறங்கினால் மிதக்கும். டயர் சுழல்வதாலேயே தண்ணீரில் நகரும். தொட்டி போன்ற பிளாஸ்டிக் பாடிதான் அதை மிதக்க வைக்கிறது. தொல்லையும் அந்தத் தொட்டியால்தான். உள்ளே வந்த தண்ணீர் தானாக வெளியே போக வழி கிடையாது. அச்சு நுழையும் இடத்தில் சீல் தேய்ந்தால் தண்ணீர் வரும், அலை விளிம்பைத் தாண்டினால் வரும், ஏறுகிறவர்களின் செருப்போடும் வரும். அதை வெளியே தள்ளத்தான் பில்ஜ் பம்ப்.

ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை பக்கம் தோட்டத்துக்கென்று பழைய வண்டி வாங்கி வருபவர்கள் இந்த வேலையைப் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் செய்கிறார்கள். பம்பை வாங்கி, கிடைத்த இடத்தில் திருகி, ஒயர் இழுத்து, கடைசியில் ஹோஸை எங்காவது வெளியே நீட்டிவிடுகிறார்கள். இதை அப்படியே தலைகீழாகச் செய்ய வேண்டும். தண்ணீர் எங்கே வெளியேறும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், பம்பும் ஒயரிங்கும் கடைசியில். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

1. முதலில் சேர்த்து வைக்க வேண்டியவை

12 வோல்ட் நீர்மூழ்கி பில்ஜ் பம்ப், அதற்கேற்ற ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் ஏறினால் மிதந்து எழுந்து பம்பைத் தானாக ஓட வைப்பது), உட்புறம் வழவழப்பான ஹோஸ், துருப்பிடிக்காத ஸ்டீல் ஹோஸ் கிளிப்புகள், பாடியில் மாட்ட ஒரு வெளியேற்றுக் குழாய்முனை. மின் வேலைக்கு 2.5 சதுர மி.மீ. ஒயர் (ஈயம் பூசிய செம்பு கிடைத்தால் நல்லது), ஃபியூஸ் ஹோல்டர், மூன்று நிலை ஸ்விட்ச், சின்ன இண்டிகேட்டர் விளக்கு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். கருவிகளில் ஹோல் சா, கிரிம்பிங் பிளையர், மல்டிமீட்டர் போதும்.

ஒயர், லக், ஃபியூஸ் எல்லாம் கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் உள்ள ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். பம்பையும் ஃப்ளோட் ஸ்விட்சையும் படகுச் சாமான் விற்பவர்களிடமோ ஆன்லைனிலோ பார்க்க வேண்டும். காருக்கு விற்கும் கண்ணாடி வாஷர் பம்பை வாங்கிவிடாதீர்கள். அது சின்ன ஜெட்டுக்கு உள்ளது, மண்ணும் நாரும் வந்தால் அன்றைக்கே அடைத்துக்கொள்ளும்.

2. அடித்தொட்டியைக் கழுவி, பெட்ரோல் வாடை பார்ப்பது

இந்த வண்டிகளில் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பாடிக்கு உள்ளேயே ஓடும். அதனால் அடியில் செயின் ஆயிலும் கிரீஸும் செம்மண்ணும் கலந்து பசையாகப் படிந்திருக்கும். அதன்மேல் பம்பை வைத்தால் சல்லடை முதல் நாளே மூடிக்கொள்ளும். இன்னொன்று, அந்த எண்ணெயெல்லாம் குட்டைத் தண்ணீரில் போய்ச் சேரும். வடிகால் மூடியைக் கழற்றி, பழைய துணியால் வழித்தெடுத்த பிறகு சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வழித்த துணியைத் தோட்டத்தில் வீசாதீர்கள்.

கழுவும்போது பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கு மின்சார வேலையைத் தொடவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தொட்டியில் தேங்கி நிற்கும். ஒரு சின்னப் பொறி போதும். இருக்கையைத் தூக்கிக் காற்றோட விட்டு, குழாயிலும் டேங்கிலும் கசிவைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த படி. வாடை இல்லையென்றாலும் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

3. ஆளேற்றி நீர்மட்டம் குறிப்பது

பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இது. பிறகு வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

வண்டி எவ்வளவு அமிழும் என்பது எத்தனை பேர் ஏறுகிறார்கள், பின்னால் என்ன சுமை என்பதைப் பொறுத்தது. காலி வண்டியில் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் ஓட்டை, நாலு பேரும் இரண்டு மூட்டை உரமும் ஏறியதும் தண்ணீருக்கடியில் போய்விடும்.

பாடியின் வெளிப்பக்கம் நான்கு மூலையிலும் மேலிருந்து கீழாகச் சாக்பீஸை அகலமாகத் தீற்றுங்கள். ஆழம் தெரிந்த பண்ணைக்குட்டையில், முழுச் சுமையோடு, கரையில் கயிறு கட்டி, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டு மெதுவாக இறக்குங்கள். பம்ப் இன்னும் இல்லை என்பதால் உள்ளே ஒரு வாளியும் மக்கும் இருக்கட்டும். வடிகால் மூடிகள் எல்லாம் இறுகியிருக்கின்றனவா என்று இறங்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள். கரையேறியதும் சாக்பீஸ் எதுவரை அழிந்திருக்கிறதோ அதுதான் உங்கள் நீர்மட்டம். பெயிண்ட் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள்.

அப்படியே இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே கசிந்த தண்ணீர் எந்தப் பக்கம் ஓடித் தேங்குகிறது? ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது ஓர் இடம், ஆளேறியபின் வேறோர் இடம் என்று வரலாம். முழுச் சுமையில் தேங்கும் இடத்தைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். மூழ்கும் ஆபத்து அப்போதுதான் அதிகம்.

4. வெளியேற்று வாயை எங்கே துளைப்பது

குறித்த கோட்டுக்கு மேலே, பாடியின் விளிம்புக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில். கோட்டுக்கு இரண்டு விரல் மேலே போதும் என்று நினைக்காதீர்கள். வண்டி திரும்பும்போது ஒரு பக்கம் சாயும், அலையும் அடிக்கும்.

இந்த வாய் தண்ணீருக்கடியில் போனால், பம்ப் நின்றதும் ஹோஸ் வழியாகக் குட்டைத் தண்ணீர் தலைகீழாக உள்ளே இறங்கத் தொடங்கும். பெரும்பாலான நீர்மூழ்கி பில்ஜ் பம்புகளின் உள்ளே அதைத் தடுக்கும் கதவு எதுவும் கிடையாது. உள்ளே தண்ணீர் ஏற ஏற வண்டி இன்னும் அமிழும், வாய் இன்னும் ஆழத்துக்குப் போகும். தண்ணீரை வெளியேற்றப் போட்ட ஓட்டையே வண்டியை நிரப்பிவிடும்.

துளைக்கும் முன் பாடியின் உட்புறத்தில் கையை விட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் செயின், சைலன்சர், பெட்ரோல் குழாய் எதுவும் இருக்கக் கூடாது. பிறகு ஹோல் சாவால் மெதுவாகத் துளைத்து, விளிம்பைக் கத்தியால் மழித்துவிடுங்கள். வேகமாகச் சுழற்றினால் பிளாஸ்டிக் உருகி ஓட்டை கோணலாகும்.

ஒட்டும் பசையை நம்பாதீர்கள். இந்தப் பாடிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன். மொட்டை மாடியில் இருக்கும் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியும் அதே வகைதான். எம்சீல், சிலிகான், பி.வி.சி. சொல்யூஷன் எதுவும் அதில் பிடித்து நிற்காது. கொஞ்ச நாளில் உரிந்து வந்துவிடும். ரப்பர் வாஷர் வைத்து நட்டால் நெருக்கிப் பிடிப்பதுதான் ஒரே வழி. படகுக்கான குழாய்முனை கிடைக்காவிட்டால், பிளம்பர் பயன்படுத்தும் டேங்க் நிப்பிளை இரு பக்கமும் ரப்பர் வாஷரோடு போடலாம். நீர்மட்டத்துக்கு மேலே இருப்பதால் அது போதும்.

5. பம்பின் அளவு

பெட்டியில் போட்டிருக்கும் எண் அமெரிக்க கேலன் கணக்கு. மணிக்கு 500 கேலன் என்றால் சுமார் 1,900 லிட்டர், 1,100 கேலன் என்றால் சுமார் 4,160 லிட்டர். இந்த எண்கள் ஹோஸும் ஏற்றமும் இல்லாமல் அளந்தவை. ஹோஸ், வளைவு, ஏற்றம், தளர்ந்த பேட்டரி எல்லாம் சேர்ந்தால் பாதியை மட்டும் நம்புவது நல்லது.

சின்ன பம்ப் போதுமா என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். 25 மி.மீ. விட்டமுள்ள ஒரு வடிகால் மூடியைப் போட மறந்துவிட்டீர்கள், ஓட்டை நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே இருக்கிறது என்று வையுங்கள். நிமிடத்துக்குச் சுமார் 43 லிட்டர் உள்ளே வரும். 500 கேலன் பம்ப் பெட்டியில் போட்ட அளவுக்கே ஓடினாலும் நிமிடத்துக்கு 32 லிட்டர்தான் தள்ளும். உள்ளே சேரும் ஒவ்வொரு 100 லிட்டரும் 100 கிலோ எடை. அதுவும் ஓரிடத்தில் நிற்காமல் சாயும் பக்கமெல்லாம் ஓடும் எடை.

எனவே சீல் ஒழுகலுக்கும் தெறித்து வரும் தண்ணீருக்கும் 500 போதும், ஓட்டைக்கு எந்த பம்பும் மருந்தில்லை. நான் 1,100-ஐத்தான் சொல்வேன். மின்சாரம் கொஞ்சம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான்.

6. ஹோஸ்

பம்பின் வாய் என்ன விட்டமோ, கடைசிவரை அதே விட்டம். 500 கேலன் பம்புக்குப் பொதுவாக 19 மி.மீ., 1,100-க்கு 29 மி.மீ. நடுவில் சின்னதாக்கினால் பெரிய பம்ப் வாங்கியதே வீண்.

மோட்டார் பைப் போல உள்ளே வரிவரியாக இருக்கும் ஹோஸ் மலிவு, நன்றாக வளையும். ஆனால் அந்த வரிகளில் தண்ணீர் உரசி வேகம் குறையும், செம்மண்ணும் அதில்தான் படியும். உட்புறம் வழவழப்பாக இருப்பதையே வாங்குங்கள்.

ஹோஸ் பம்பிலிருந்து வெளிவாய் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொய்ந்து மறுபடி ஏறினால், அந்தத் தொய்வில் பழைய தண்ணீர் நின்றுவிடும். பம்புக்கும் அந்தத் தண்ணீருக்கும் நடுவே காற்று சிக்கினால், மோட்டார் சுற்றும், தண்ணீர் அசையாது. கட்டும்போது செயினிலிருந்து கையகலமாவது தள்ளிக் கட்டுங்கள். கேபிள் டை மட்டும் போட்டால் குலுங்கலில் தேய்ந்து அறுந்துவிடும். ரப்பர் பதித்த கிளாம்ப் போடுங்கள். சைலன்சர் பக்கம் போகவே வேண்டாம்.

7. என்.ஆர்.வி. (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு) வேண்டுமா?

கிணற்று மோட்டார் பழக்கத்தில் பலரும் கேட்பது இது. வேண்டாம். பம்ப் நின்றதும் ஹோஸில் இருக்கும் தண்ணீர் திரும்பி வருகிறது, ஃப்ளோட் மறுபடி தூக்குகிறது, பம்ப் விட்டு விட்டு ஓடுகிறது என்பதற்காக என்.ஆர்.வி. போடுகிறார்கள். நார் சிக்கினால் அது திறக்காது. திறந்தாலும் ஓட்டத்தைக் குறைக்கும். பம்புக்குள் காற்றை அடைத்தும் வைக்கும். ஹோஸின் நீளத்தைக் குறைத்து, ஃப்ளோட் ஸ்விட்சைப் பம்பின் அடியைவிடச் சற்று உயர்த்தி வைத்தாலே அந்தத் தொல்லை போய்விடும்.

8. பம்பையும் ஃப்ளோட்டையும் அமர்த்துவது

புதியவர்கள் செய்யும் மிக மோசமான காரியம், பம்பின் அடித்தட்டை வண்டியின் அடிப் பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூ போட்டு முடுக்குவது. தண்ணீரை வெளியேற்றும் பம்புக்காக நீர்மட்டத்துக்குக் கீழே நாலு ஓட்டை!

அதற்குப் பதிலாக 3 மி.மீ. அலுமினியப் பட்டையை எல் வடிவில் வளைத்து, ஒரு முனையைச் சட்டத்தின் குறுக்குக் கம்பியில் ஏற்கெனவே உள்ள போல்ட்டில் பிடியுங்கள். மறுமுனை தரையோடு படிந்து கிடக்கட்டும். அதன்மேல் பம்பின் சல்லடை அடித்தட்டை போல்ட் நட்டோடு பூட்டுங்கள். ஃப்ளோட் ஸ்விட்சும் அதே பட்டையில், ஒரு வாஷர் கனம் உயரமாக. ஃப்ளோட் தூக்கி இறங்கும் வழியில் ஒயரோ ஹோஸோ குறுக்கே வரக் கூடாது.

மூன்றாம் படியில் பார்த்த தேங்கும் இடம்தான் பம்பின் இடம். ஆனால் செயினுக்குக் கீழே வேண்டாம், சொட்டும் ஆயில் நேரே சல்லடையில் விழும். பம்பின் பக்கவாட்டுக் கொக்கிகளை அழுத்தி, மேல்பகுதியை ஒரு கையால் கழற்ற இடமிருக்கிறதா என்று பூட்டும் முன் பாருங்கள். இருக்கையையும் சட்டத்தையும் பிரித்தால்தான் சல்லடையைத் தொட முடியும் என்றால், யாரும் அதைக் கழுவப் போவதில்லை.

9. ஒயரிங்

வழக்கமான கார் எலக்ட்ரீசியன் பழக்கம் இங்கே இரண்டு இடத்தில் காலை வாரும்.

ஒன்று எர்த். பாடியில் மைனஸ் கொடுக்கும் பழக்கம் இங்கே நடக்காது, பாடி பிளாஸ்டிக். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தில் கொடுக்கலாமே என்று தோன்றும். ஈரத்திலும் மண்ணிலும் அந்த இணைப்பு துருப்பிடித்து, தேவையான நாளில் கைவிடும். மைனஸ் ஒயரைத் தனியாகப் பேட்டரி வரை இழுங்கள்.

இரண்டாவது, சாவி. மற்ற சாமான்களைப் போல இக்னிஷனில் இருந்து பிளஸ் எடுத்தால், நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்று சாவியை அணைத்ததும் பம்பும் நின்றுவிடும். ஃப்ளோட் தூக்கினால் தானாக ஓட வைக்கும் ஆட்டோ லைன் பேட்டரியிலிருந்து நேரடியாக வர வேண்டும்.

வரிசை இது: பேட்டரி பிளஸ், அதிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ், பிறகு மூன்று நிலை ஸ்விட்ச். ஸ்விட்சின் ஒரு பக்கம் ஃப்ளோட் வழியாகப் பம்புக்கு (ஆட்டோ), மறுபக்கம் நேரே பம்புக்கு (மேனுவல்), நடுவில் ஆஃப். இண்டிகேட்டர் விளக்கைப் பம்பின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இணையாகக் கொடுங்கள். இன்ஜின் இரைச்சலில் பம்ப் ஓடுவது காதில் விழாது. விளக்கு அணையாமல் எரிந்தால் எங்கோ தண்ணீர் வருகிறது என்று அர்த்தம், கரைக்குத் திரும்புங்கள்.

ஃபியூஸ் அளவை பம்பின் மேல் போட்டிருப்பதைவிட ஒரு ஆம்பியர்கூடக் கூட்டாதீர்கள். தேங்காய் நார் ஒன்று விசிறியில் சுற்றி அது நின்றால், மோட்டார் பல மடங்கு மின்சாரம் இழுத்துச் சூடேறும். மோட்டார் கருகும் முன் ஃபியூஸ் போக வேண்டும். அடிக்கடி போகிறதே என்று பெரியதைப் போட்டவர்கள் பிறகு பம்பையே வாங்கினார்கள்.

ஒயர் கனம் ஏன் 2.5? பம்ப் 5 ஆம்பியர் இழுக்கிறது, போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் 2.5-இல் இழப்பு சுமார் 0.2 வோல்ட். 1 சதுர மி.மீ.யில் அது 0.6 வோல்ட்டை நெருங்கும். பம்ப் முனையில் 3 சதவீதத்துக்கு மேல், அதாவது 0.36 வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது.

ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது இங்கே ஒரு வாரம் தாங்காது. கிரிம்ப் செய்து, பசையுள்ள ஸ்லீவைச் சூடாக்கிச் சுருக்குங்கள். சரியாகச் சுருங்கினால் ஸ்லீவின் இரண்டு ஓரத்திலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்கும். அது தெரியும்வரை சூடு காட்டுங்கள். இணைப்புகளை எல்லாம் தண்ணீர் எட்டாத உயரத்தில், இருக்கைக்கு அடியில் வையுங்கள். நனைந்த இணைப்பில் புகும் ஈரம் ஒயரின் உள்ளேயே ஏறிச் செம்பைப் பச்சையாக்கிவிடும்.

பம்ப் ஒயரில் பெரும்பாலும் கறுப்பு மைனஸ், காப்பி நிறம் பிளஸ். ஆட்டோ வகையில் மூன்றாவது ஒயரும் வரும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம், கூட வந்த தாளைப் பாருங்கள்.

10. தரையில் சோதனை

வடிகால் மூடிகளைப் போட்டு, 20 லிட்டர் வாளி நிறைய நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். ஃப்ளோட் தூக்கி, விளக்கு எரிந்து, வெளிவாயில் தண்ணீர் பாய வேண்டும். 500 கேலன் பம்ப் பாதி அளவுக்கு ஓடினாலும் ஒன்றேகால் நிமிடத்தில் முடித்துவிடும். அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும், அதைப் பம்ப் எடுக்காது, பழுதில்லை. வறண்ட பிறகும் மேனுவலில் ஓட விடாதீர்கள். உள்ளே இருக்கும் சீல் போய்விடும்.

ஓடும்போதே மல்டிமீட்டரைப் பேட்டரி முனையிலும் பம்ப் முனையிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அதிகமென்றால் ஏதோ ஒரு கிரிம்ப் சரியில்லை. பிறகு முன் சக்கரங்களை வரப்பில் ஏற்றி நிறுத்தி, இன்னொரு வாளி ஊற்றிப் பாருங்கள்.

“அண்ணா, பம்ப் ஓடுற சத்தம் வருது, தண்ணி வரல” என்று ஃபோன் வந்தால் நான் முதலில் கேட்பது பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா என்றுதான். மாறினால் விசிறி பின்னோக்கிச் சுற்றும், உறுமும், ஒழுகல்போலத்தான் தண்ணீர் வரும். அது சரியாக இருந்தால் ஹோஸ் தொய்வு. அதுவும் இல்லையென்றால் சல்லடை.

11. தண்ணீரில் சோதனை

மறுபடி அதே பண்ணைக்குட்டை, அதே கயிறு. கே.ஆர்.பி. அணையிலோ ஒகேனக்கல் பக்கத்திலோ முதல் சோதனை வேண்டாம். அணையில் இறங்க நீர்வளத் துறையின் அனுமதி கேட்க வேண்டும். ஒகேனக்கல்லில் காவிரி இழுக்கும் வேகத்துக்கு டயர் சுழற்றி நகரும் வண்டி ஈடுகொடுக்காது. கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கும் நாட்களிலும் ஒதுங்கிவிடுங்கள். நுரையில் பெரும்பகுதி காற்று, பம்ப் அதைத் தள்ளாது.

முதலில் ஓட்டுநர் மட்டும், பிறகு முழுச் சுமை. ஆஃபில் வைத்து வெளிவாயைக் கவனியுங்கள். வண்டி திரும்பும்போதும் அது தண்ணீருக்கு மேலேயே நிற்க வேண்டும். இல்லையென்றால் சுமையைக் குறையுங்கள், அல்லது வாயை இடம் மாற்றுங்கள்.

12. ஒவ்வொரு முறையும் கரையேறிய பின்

வடிகால் மூடிகளைக் கழற்றி வண்டியைச் சாய்வில் நிறுத்துங்கள். சல்லடையைக் கழற்றி ஆகாயத்தாமரை வேர், நார், செம்மண் எல்லாவற்றையும் அலசுங்கள். ஃப்ளோட்டைக் கையால் தூக்கி விடுங்கள். மண் காய்ந்து ஒட்டியிருந்தால் அது பாதியில் நிற்கும். மேலே ஒட்டிக்கொண்டால் பேட்டரி காலி, கீழே ஒட்டிக்கொண்டால் பம்ப் ஓடாது. அச்சு பேரிங்குகளுக்கு கிரீஸ் அடித்துத் தண்ணீரை வெளியே தள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி வெளியே நின்றால் மூடிகளைக் கழற்றியே வையுங்கள். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரைப் பம்ப் இரவெல்லாம் இறைத்து பேட்டரியைத் தீர்த்துவிடும். கழற்றிய மூடிகளைச் சாவிக் கொத்தோடு ஒரு கயிற்றில் கட்டி வையுங்கள். அதைக் கையில் எடுக்காமல் யாரும் வண்டியை ஸ்டார்ட் செய்ய முடியாது.

இருக்கைக்கு அடியில் ஒரு கைப்பம்ப், அதே ஆம்பியரில் இரண்டு ஃபியூஸ், ஒரு மக். பேட்டரியே நனைந்துவிட்டால் இவைதான் கை கொடுக்கும்.